எந்தப் பெரியப்பா?

1

இந்த அக்டோபரோடு நானும் என் மனைவி சரோஜமும் இங்கிலாந்துக்கு வந்து ஆறு வருடம் முடிகிறது. அதே வாரத்தில் காட்டாக்கடையிலிருந்து என் பழைய அலுவலக நண்பரின் கடிதம் வந்தது. அவருடைய மகள் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டாளாம். என் மூத்த மகள் ஷீலா செய்கிற வேலைக்கு, அதாவது குடும்பவழியாக இறங்கி வருகிற நோய்களைப் பார்க்கும் மரபியல் மருத்துவத்துக்கு, வர ஆசைப்படுகிறாளாம். எத்தனை வருடம், எத்தனை தேர்வு, எது நல்ல வழி என்று வரிசை எண் போட்டு ஏழு கேள்விகள் கேட்டிருந்தார். ஏழுக்கும் பதில் எழுதி உறையை ஒட்டிய பிறகு, அவர் கேட்காத எட்டாவது ஒன்று மிச்சம் இருப்பது தெரிந்தது. இந்தக் குறிப்புகள் அதற்காகத்தான். என் இளைய மகள் பிரேமா ஊரில், நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்து அதியன்னூரில் இருக்கிறாள். அவளுடைய பிள்ளைகளைப் பற்றியது இது.

நான் கேரளத்தின் தென்கோடியில் உள்ள பாறசாலைக்காரன். நெய்யாற்றின்கரை தாலுகாவில் புள்ளிவிவர இலாகாவில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன். தென்னை எத்தனை, கிணறு எத்தனை, ஒரு கூரையின்கீழ் அடுப்பு எத்தனை என்று எண்ணி எழுதுவது தொழில். தொழில் போனாலும் கண் நிற்கவில்லை. இங்கே ஷீலா வீட்டு மாடிப்படி பதின்மூன்று. வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு காலடி. பனி உறைந்த நாளில் காலடி குறுகி இருநூற்று நாற்பது ஆகும். வெளியே கிளம்பும்போது கேஸ் அடுப்பு மூடியிருக்கிறதா என்று மூன்று தடவை பார்ப்பேன். பேத்தி மீரா, நான்காவது தடவையும் பாருங்கள் தாத்தா என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரிப்பாள். அவளுக்கு இப்போது ஒன்பது வயது. தமிழ் புரியும், வாயில் வராது. பெரியப்பா, சித்தப்பா, மாமா, பக்கத்து வீட்டுக் கிழவர், தபால்காரர், எல்லாரும் அவளுக்கு 'அங்கிள்'தான். அவளிடம் எத்தனை தடவை கோபப்பட்டிருக்கிறேன்! இப்போது படுவதில்லை.

2

ஷீலா என்ன டாக்டர் என்று ஊரில் யாருக்கும் என்னால் விளக்க முடிந்ததில்லை. முதல் தடவை விடுமுறைக்குப் போனபோது பாறசாலைச் சந்தையில் ஒருவர் பிடித்துக்கொண்டார்.

"மூத்தவ எந்த டாக்டராக்கும்? இருதயமா, எலும்பா?"

"குடும்பம்" என்றேன்.

"அப்ப சளி, காய்ச்சலுக்கு மருந்து எழுதுவாளா?"

"அது இல்ல. அப்பனுக்கு உள்ள நோய் பிள்ளைக்கு வருமா, வராதான்னு சொல்லுவா."

"அதுக்கு எதுக்கு லண்டன் போணும்? எனக்க பொஞ்சாதி இஞ்ச இருந்தே சொல்லுவாளே, எனக்குள்ள எல்லாக் குணக்கேடும் பயலுக்கு உண்டுன்னு!"

சிரித்தோம். ஆனால் அவளுடைய வருடங்களை எண்ணிப் பார்த்தால் சிரிப்பு வராது. மருத்துவக் கல்லூரியில் ஐந்தரை வருடம். வெளிநாட்டு மருத்துவர்களுக்கான தேர்வும் காத்திருப்புமாக ஒரு வருடம். குழந்தைகள் வார்டில் இளநிலை மருத்துவராக நான்கு வருடம். அதற்குள்ளேயே இரண்டு பாகமாக ஒரு பெரிய தேர்வு. இரண்டாம் பாகத்தில் ஒரு தடவை தோற்றாள். அதன்பின் மரபியலில் மட்டும் நான்கு வருடப் பயிற்சி. பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து மொத்தம் பதினான்கரை வருடம். மீரா பிறந்தபோது வீட்டில் இருந்த ஒரு வருடத்தைச் சேர்க்கவில்லை. அந்தக் கடைசி நான்கு வருடத்தில் பேத்தியைப் பார்த்துக்கொள்ளத்தான் எங்களை அழைத்தாள்.

டாக்டர் ஆகாமலும் இந்தத் துறைக்குள் நுழையலாம் என்று நண்பருக்கு எழுதினேன். ஷீலாவின் இடத்தில் ஆலோசகர்கள் என்று இருவர் உண்டு. ஒருத்தி பல வருடம் நர்ஸாக இருந்துவிட்டு இதற்கென்று மேற்படிப்புப் படித்து வந்தவள். மருந்து எழுத மாட்டார்கள், ஊசி போட மாட்டார்கள். குடும்பத்தை உட்கார வைத்துக் கேட்பார்கள், பிறகு சொல்வார்கள். மூன்றாவது வகை ஆய்வுக்கூடத்துக்காரர்கள். விஞ்ஞானப் பட்டம் எடுத்து, ஆய்வுக்கூடத்திலேயே சில வருடம் பழகித் தேறியவர்கள். எனக்குப் பிடித்தவர்கள் இவர்கள்தான், எண்ணுகிறவர்கள் என்பதால். ஒரு தடவை பொதுமக்கள் வந்து பார்க்கும் நாளில் ஓர் இளைஞர் என்னை நுண்ணோக்கி முன்னால் உட்கார வைத்தார். நூல் துண்டுகள் மாதிரி குரோமோசோம்கள் சிதறிக் கிடந்தன. எத்தனை என்று கேட்டார். இரண்டு தடவை எண்ணி நாற்பத்தைந்து என்றேன். நாற்பத்தாறு என்றார் அவர். ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த இரண்டை ஒன்று என்று எண்ணியிருந்தேன். புதிதாகச் சேருகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் எண்ணுவார்கள் என்று தேற்றினார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

3

வந்த முதல் குளிர்காலத்தில் ஷீலா அந்த நான்கு வருடப் பயிற்சியைத் தொடங்கியிருந்தாள். அவளுக்கு முதல் பாடம் குடும்பப் படம் வரைவது. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். இறந்தவர்மேல் சாய்வாக ஒரு கோடு. நோய் உள்ளவர் என்றால் உள்ளே மை நிரப்ப வேண்டும். பயிற்சியில் சேர்ந்தவர்கள் முதலில் சொந்தக் குடும்பத்தை வரைந்து கொண்டுவர வேண்டும் என்று அவளுடைய மேலதிகாரி சொல்லியிருந்தார். ஓய்வுக்கு நெருங்கிய வெள்ளைக்கார அம்மையார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷீலா சாப்பாட்டு மேசையில் பெரிய தாளை விரித்தாள். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். இரண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடு வீடாக ஏறி, 'குடும்பத் தலைவருக்கு என்ன உறவு' என்ற கட்டத்தை நிரப்பியவன் நான். என் பக்கம் இருபத்துமூன்று பேர். பெயர், வயது, எதனால் இறந்தார் எல்லாம் ஒரு மணி நேரத்தில் சொல்லிவிட்டேன். ஷீலாகூட வியந்தாள்.

"அம்மா, இனி உனக்க பக்கம்."

சரோஜம் அடுப்பில் பால் வைத்துக்கொண்டு நின்றாள். "எனக்க பக்கம் எதுக்காக்கும்? அங்க என்ன உண்டு எழுத?"

"யாராவது சின்னதுல நடக்க முடியாம, கண்ணு தெரியாம, அப்பிடி உண்டா?"

"பெரியப்பா வீட்டு அண்ணன்மாரு ரெண்டு பேரு உண்டு. மணியண்ணனும் சுகு அண்ணனும். நல்லா ஓடிச்சாடி நடந்தாவ. பொறவு காலு பெலமில்லாம கெடந்தாவ. வாதம்னு சொல்லுவாவ. ஒருத்தரு பதினாலு வயசுல போனாரு, மத்தவரு பதினேழுல."

"எந்தப் பெரியப்பா?" என்று ஷீலா கேட்டாள்.

அந்த நேரம் பார்த்துப் பால் பொங்கியது. சரோஜம் திரும்பிவிட்டாள். நான் சொன்னேன்: "அம்மைக்க அப்பாவுக்க அண்ணன். வேற எவன் பெரியப்பா?"

சரோஜத்தின் அப்பாவுடன் பிறந்த ஆண்கள் நான்கு பேர். அந்த நால்வரில் ஒருவர் என்றுதான் நான் வைத்திருந்தேன். அந்தப் பையன்கள் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே இறந்தவர்கள். அந்த வீட்டுக்கு நான் போனதே இல்லை. ஷீலா தன் தாத்தாவின் அண்ணனுக்குக் கீழே இரண்டு சதுரம் வரைந்து, மை நிரப்பி, சாய்கோடு போட்டாள். சரோஜம் பாலை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தபோது நாங்கள் அடுத்த ஆளுக்குப் போய்விட்டோம். தாளில் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது. மொத்தம் நாற்பத்தொரு பேர். அடியில் எண்ணிக்கையை நானே எழுதினேன்.

4

மறுநாள் அம்மையார் அந்தப் படத்தில் வேறு எதையும் பார்க்கவில்லையாம். பென்சில் முனையை மை நிரப்பிய இரண்டு சதுரத்தில் வைத்து, "இவர்கள் தந்தை வழியா, தாய் வழியா?" என்று கேட்டாராம். தந்தை வழி என்று ஷீலா சொன்னாள். அப்படியானால் உங்களுக்குக் கவலை இல்லை என்று சொல்லிப் பென்சிலை எடுத்துவிட்டாராம்.

ஏன் கவலை இல்லை என்று அன்று மாலை ஷீலா எனக்கு விளக்கினாள். பையன்கள் நடந்து, ஓடி, பிறகு தசை வலுவிழந்து படுத்துவிடுகிற ஒரு நோய் உண்டு. அது தாய் வழியாக வருவது. சுமக்கிற தாய்க்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. அவளுக்குப் பிறக்கும் ஆண் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு நோயாக வரும். பெண் பிள்ளைகளில் பாதிப் பேர் தாயைப் போலவே சுமப்பார்கள். அந்த இரண்டு பையன்களுக்கும் இருந்தது அதுவாகவே இருந்தாலும், வந்தது அவர்களுடைய அம்மாவிடமிருந்து. அந்த அம்மா வேறு குடும்பத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். நமக்கு இரத்த உறவு இல்லை. ஆகவே அந்தக் கோடு அங்கேயே முடிகிறது.

எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த வசந்தத்தில் பிரேமா கருவுற்றாள். நம் வீட்டில் ஏதாவது பயப்பட உண்டா, நான் என்ன பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று அக்காவுக்கு எழுதிக் கேட்டாள். படித்த பிள்ளை, கேட்க வேண்டியதைக் கேட்டாள். ஒன்றும் இல்லை, தைரியமாக இரு என்று ஷீலா பதில் எழுதினாள். அதன் அடியில் நானும் இரண்டு வரி எழுதினேன்: முழுக் குடும்பக் கணக்கும் எடுத்தாகிவிட்டது, நாற்பத்தொரு பேரையும் சரிபார்த்தாகிவிட்டது, அப்பா.

விபின் பிறந்தான்.

5

இந்த வருடம் ஜனவரியில் நானும் சரோஜமும் மூன்று வாரம் ஊருக்குப் போனோம். பிரேமாவுக்கு அப்போது இரண்டாவது முறை ஐந்து மாதம். விபினுக்கு நான்கு வயது. பயலின் கெண்டைக்கால் இரண்டும் உருண்டு திரண்டு இருந்தன. வருகிறவர்கள் எல்லாம் அதைப் பிடித்துப் பார்த்தார்கள். "பயில்வானாக்கும்! பாட்டாவைத் தூக்கிட்டு லண்டன் போவான்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. தையல் டேப்பை எடுத்து அளந்தேன். இருபத்தாறு சென்டிமீட்டர். மீராவுக்கு அதே வயதில் அளந்தபோது இருபத்திரண்டு.

ஆனால் முற்றத்திலிருந்து வீட்டுக்குள் ஏற நான்கே படி. விபின் இரண்டாவதில் உட்கார்ந்துகொள்வான், தூக்கச் சொல்லிக் கையை நீட்டுவான். அடிக்கடி விழுந்தான். செவ்வாய்க்கிழமை பதினொரு தடவை. புதன் பதின்மூன்று. வியாழன் பதினாலு.

"அப்பா, விழாத பிள்ளை எங்க உண்டு?" என்றாள் பிரேமா. "நீங்க எண்ணுகதுனாலதான் அவன் விழுகான்."

விழுந்தால் எழுந்திருக்கும் விதம்தான் எனக்கு என்னவோ செய்தது. குப்புறத் திரும்புவான். பின்பக்கத்தைத் தூக்குவான். ஒரு கையை முழங்காலில் ஊன்றுவான், அடுத்ததைத் தொடையில். பிறகு தன் உடம்பின்மேல் தானே கை மாற்றி மாற்றி ஏறி நிமிர்வான். ஒன்பது வினாடி. பழக்கம் என்றார் பிரேமாவின் கணவர். நன்றாகத் தின்று வளர்ந்த பிள்ளை, உடம்புக் கனம் என்றார்கள் மற்றவர்கள்.

சனிக்கிழமை தங்கையன் வந்தார். சரோஜத்தின் அம்மா வழிச் சொந்தக்காரர், காஞ்சிரங்குளத்துக்காரர், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு மச்சினர் முறை. எங்கள் பக்கத்தில் மச்சம்பி என்போம். படியேறும்போதே தொடங்கிவிட்டார்.

"என்ன மச்சம்பி, லண்டன்ல ஆளு எத்தனைன்னு எண்ணித் தீந்தாச்சா? இல்ல பாதியில விட்டுட்டு வந்தீரா?"

"உமக்க பஸ்ஸுல ஏறின ஆளை நீரு எண்ணினத விட நல்லா எண்ணுவேன்."

"அது சரியாக்கும். நான் எண்ணினதுக்கு மேல எப்பவும் நாலு பேரு தொங்கிட்டு வருவான்."

வெற்றிலையை மடித்து வாயில் போட்டார். அப்போது விபின் முற்றத்தில் விழுந்தான், எழுந்தான். தங்கையனின் வாய் மெல்லுவதை நிறுத்தியது.

"மக்கா, ஒண்ணூடி இருந்து எழும்பு, பாப்போம்."

விபினுக்கு விளையாட்டு. உட்கார்ந்தான். திரும்பினான், முழங்கால், தொடை, நிமிர்ந்தான். கைதட்டச் சொல்லி எங்களைப் பார்த்தான். தங்கையன் தட்டவில்லை. வெற்றிலையை வெளியே போய்த் துப்பிவிட்டு வந்து, என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"மணியனும் இப்பிடித்தான் எழும்புவான்."

"எந்த மணியன்?"

"சரோஜத்துக்க பெரியப்பா மவன். சின்னதுல நானாக்கும் அவனைத் தோளுல வச்சு பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போனது. இதே காலு. இதே எழும்பல்."

"அது அவளுக்க அப்பா வழியில்லா?"

"எவன் சொன்னான்?" என்று நிமிர்ந்தார் தங்கையன். "அவளுக்க அம்மைக்க அக்காளைக் கெட்டின பெரியப்பா ஆக்கும். காஞ்சிரங்குளத்துல எங்களுக்கு அடுத்த வீடு. அப்பன் வழியில எவனுக்குவே வாதம்? அவனுவ அத்தனை பேரும் எழுபது வயசுல தென்னை ஏறினவனுவ."

அப்பாவின் அண்ணனும் பெரியப்பா. அம்மாவின் அக்காளைக் கட்டியவரும் பெரியப்பா. மலையாளத்தில் சொன்னாலும் இரண்டு பேரும் பேரப்பன்தான். இது எனக்குத் தெரியாதா? ஆயிரக்கணக்கான வீட்டில் இந்தச் சொல்லைக் கேட்டு, எந்தப் பெரியப்பா என்று திருப்பிக் கேட்டு எழுதியவன் நான். என் வீட்டு மேசையில் என் மகள் அதே கேள்வியைக் கேட்டபோது, பதிலுக்கு நான் பொறுக்கவில்லை.

அந்தப் பையன்களின் அம்மா வேறு குடும்பத்துப் பெண் இல்லை. சரோஜத்தின் அம்மாவோடு கூடப் பிறந்தவள். கோடு அங்கே முடியவில்லை. சரோஜத்துக்கு வந்து, பிரேமாவுக்கு இறங்கி, முற்றத்தில் கைதட்டச் சொல்லி நின்றது.

6

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பிரேமாவிடம் கடைக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு நெய்யாற்றின்கரை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஐ.எஸ்.டி. பூத்துக்குச் சரோஜத்தைக் கூட்டிக்கொண்டு போனேன். மூன்று அடிக்கு மூன்று அடி கண்ணாடிக் கூண்டு. இரண்டு பேர் உள்ளே நின்றால் கதவு சாத்தாது. ஷீலாவுக்கு அப்போது காலை.

நான் சொல்லி முடிக்கும்வரை அவள் குறுக்கே பேசவில்லை. பிறகு கேட்டாள்.

"அவன் எழும்பும்போ கையை எங்க வைக்கான்?"

"தொடையில."

"ரெண்டு கையுமா?"

"ஆமா."

"கெண்டைக்கால் எப்பிடி இருக்கு?"

இருபத்தாறு என்றேன். எத்தனையோ குடும்பத்திடம் பேசிப் பழகிய பெண், என்னிடம் பேச வார்த்தை தேடுவது கம்பி வழியாகவே தெரிந்தது.

"அப்பா, ஃபோனை அம்மைட்ட குடுங்க. நீங்க வெளியில நில்லுங்க."

வெளியில் நின்றேன். அவள் கதவைச் சாத்தாததால் சரோஜத்தின் குரல் மட்டும் கேட்டது.

"ஆமா, பெரியம்மைக்க பிள்ளைய. ரெண்டும்... பொம்பிளப் பிள்ளை ஒண்ணு உண்டு, அது நல்லாத்தான் இருக்கு, மார்த்தாண்டத்துல கெட்டிக் குடுத்தது... அதுக்க பிள்ளையளா? மூணு. அதுல ஒரு பய செத்தான், பத்து வயசுல. எதுக்குன்னு எனக்குத் தெரியாது, மக்கா... எனக்க அம்மைக்குப் பிள்ளையளா? நானும், எனக்கு மூப்புல ஒரு அண்ணனும். சொந்த அண்ணன். இல்ல, நான் கண்டதில்ல, நான் பொறக்க மின்ன போனது. ஆறு வயசு. கெணத்துல விழுந்தான்... இல்ல, தள்ளிவிடல்ல யாரும். காலு உறைக்காத பிள்ளையாக்கும், கரையில நிக்க மாட்டாம விழுந்தான்னு அம்மை சொல்லி அழுவா."

முப்பத்தேழு வருடக் குடித்தனத்தில் எனக்குத் தெரியாத மைத்துனர். நாற்பத்தொரு பேரில் அவர் இல்லை.

இருபத்திரண்டு நிமிடம் பேசினாள். வெளியே வந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நீங்க கேட்டியளா?" என்றாள். "அண்ணைக்கு நீங்க ரெண்டு பேரும் மேசையில இருந்து இங்கிலீஷுல எழுதினிய. என்ன எழுதினியோன்னு எனக்குத் தெரியுமா? எழுதத் தெரிஞ்சவங்க சரியா எழுதியிருப்பாவன்னு நெனச்சேன்."

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். அதியன்னூர் வருவதற்குள் ஒன்றை மட்டும் சொன்னாள்: "பிரேமாவுக்கு வயித்துல என்ன பிள்ளைன்னு தெரியல்லியே."

7

நாங்கள் திரும்பி வந்த இரண்டாவது வாரம் சரோஜத்துக்கு ஷீலாவின் ஆஸ்பத்திரியிலிருந்தே, வரச் சொல்லி நாள் குறித்துக் கடிதம் வந்தது. அவளுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. விண்ணப்பத்தில் அந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாதாம். யாரோ ஒரு குமாஸ்தா 'சரோஜம் சரோஜம்' என்று நிரப்பியிருந்தார். திருத்தச் சொல்லி மூன்று தடவை ஃபோன் செய்தேன். கணினி ஏற்காது என்றார்கள்.

அந்த நாளில் ஷீலா தன் அறையில் உட்காரவில்லை. நோயாளிகள் உட்காரும் இடத்தில் அம்மாவோடு உட்கார்ந்தாள். அம்மையார் ஓய்வு பெற்றுவிட்டதால் வேறொரு மருத்துவர் வந்து அவர்களை அழைத்தார். நானும் எழுந்தேன். குடும்பத்தார் மொழிபெயர்க்க அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரியே மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்திருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய நடுவயதுப் பெண். கையில் குடையும் ஒரு சின்னக் குறிப்பேடும் வைத்திருந்தாள். கதவு மூடுமுன் அவள் சரோஜத்தைக் கேட்ட முதல் கேள்வி என் காதில் விழுந்தது.

"அம்மா, பெரியப்பா எண்டு சொல்லுறியள். அப்பான்ர தமையனோ, பெரியம்மான்ர மனுசனோ?"

கதவு மூடிக்கொண்டது. காத்திருக்கும் இடத்தில் பத்தொன்பது நாற்காலிகள். நான் அவற்றில் ஒன்றில் உட்கார்ந்திருந்தேன்.

அன்று வரைந்த புதிய படத்தில் நாற்பத்தாறு பேர். மை நிரப்பிய சதுரங்கள் மூன்று. கேள்விக்குறி போட்டவை இரண்டு. சரோஜத்துக்குப் பரிசோதனையே தேவையில்லை, கோடுகளே சொல்லிவிட்டன என்றார்களாம். விபினின் இரத்தத்தைத் திருவனந்தபுரத்தில் எடுத்துப் பார்த்த அறிக்கையும் மார்ச்சில் வந்தது. தசையிலிருந்து இரத்தத்தில் கசிகிற ஒரு பொருளை அளப்பார்கள். இருநூறுக்குள் இருக்க வேண்டியது, பதினாயிரத்துக்கு மேல் இருந்தது. ஷீலாவுக்கும் அது வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மீராவுக்கு நாலில் ஒன்று. தன் இரத்தத்தைக் கொடுத்தாளா என்று அவளிடம் நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஒரே ஒரு தடவை சாப்பிடும்போது சொன்னாள்: "நீங்க சொன்னது தப்புதான். ஆனா கேக்கது எனக்க வேலை. பால் இறங்கின பொறவு நான் அம்மைட்ட திரும்பக் கேக்கல." புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவள் இப்போது முதல் வகுப்பில் காட்டுவது பெயர்களை நீக்கிய எங்கள் இரண்டு படங்களைத்தான். என் சம்மதம் வேண்டும் என்று ஒரு படிவம் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டேன். சரோஜத்தின் சம்மதத்தையும் கேட்கச் சொன்னேன். ஏற்கனவே வாங்கியாகிவிட்டது என்றார்கள்.

8

பிரேமாவிடம் ஷீலாதான் சொன்னாள். அவள் சொல்லி முடித்த மறுநாள் நான் ஃபோன் செய்தேன். அப்போது பிரேமாவுக்கு ஏழு மாதம் முடிந்திருந்தது. எதையும் மாற்றுகிற காலம் தாண்டிவிட்டது. வயிற்றில் பெண் என்றால் நோய் வராது. ஆண் என்றால் பாதிக்குப் பாதி.

"நான் அண்ணைக்கே கேட்டேன்" என்றாள் பிரேமா. அழவில்லை. "அக்கா எழுதினா, நீங்க அடியில கையெழுத்துப் போட்டிய. ரெண்டு பேரும் சேந்து எனக்கு சர்டிபிகேட் தந்திய."

"தப்பு எனக்கதாக்கும், பிரேமா."

"அது தெரியும். அதை வச்சு நான் இப்ப என்ன செய்யட்டு?"

மே மாதம் குழந்தை பிறந்தது. ஆண். மூன்று கிலோ இருநூறு கிராம். பிரேமாவின் கணவர் ஃபோனில் சொன்னபோது அந்தப் பக்கம் யாரோ சந்தோஷமாகச் சிரிப்பது கேட்டது. யாருக்கு எவ்வளவு சொல்லப்பட்டிருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

சில வாரம் கழித்து ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஷீலா அதைத் தங்கையிடம் ஒரே தடவை சொன்னாள். பிரேமா வேண்டாம் என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. நீ ஒரு டாக்டர், வற்புறுத்த வேண்டாமா என்று ஷீலாவிடம் சத்தம் போட்டேன்.

"நாலு வருஷம் படிச்சதே அதாக்கும் அப்பா" என்றாள். "கேட்டா உள்ளதைச் சொல்லணும். கேக்காதவங்களுக்கு மேல கொண்டு போடக் கூடாது."

நானே பிரேமாவைக் கூப்பிட்டேன். தெரிந்தால் நல்லது, தெரியாமல் எப்படி இருப்பாய், ஒரே ஒரு துளி என்று ஏதேதோ சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"மூத்தவனைப் பத்தி எனக்கு எல்லாம் தெரியும். எப்ப நடக்க மாட்டான், எப்ப கையைத் தூக்க மாட்டான், எல்லாம் தெரியும். அவனுக்கு சோறு குடுக்கும்போ நான் அவனைப் பாக்கல்ல, அதைத்தான் பாக்கேன். இவன் கொஞ்ச நாள் எனக்குப் பிள்ளையா மட்டும் இருக்கட்டு. நடக்கத் தொடங்கின பொறவு நீங்க கணக்கெடுங்க. அதுவரைக்கும் இவன் வயசைக்கூட எங்கிட்ட கேக்காதிய."

கேட்பதில்லை.

காட்டாக்கடை நண்பருக்குச் சொல்ல மிச்சம் இருந்தது இதுதான். மகளை அனுப்புங்கள். நல்ல படிப்பு. பதினான்கரை வருடம் ஆகும். அதற்குத் தகுந்த பொறுமை இருந்தால் போதும். ஆனால் ஒரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்து தாளை விரிக்கும்போது, முந்திக்கொண்டு பதில் சொல்கிற ஆளை வெளியே அனுப்பிவிட்டு, அடுப்படியில் நிற்கிறவளைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்கச் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் பிரேமாவுடன் பேசுகிறோம். முதலில் சரோஜம், கடைசியில் நான். போன ஞாயிறு ஐப்பசியில் பெய்கிற துலாமழையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்; மூன்று நாளாகத் துணி காயவில்லையாம். பேச்சின் நடுவில் அந்தப் பக்கம் ஏதோ தரையில் விழுந்த சத்தம் கேட்டது. பிரேமா பேச்சை நிறுத்தவில்லை. சற்றுக் கழித்து ஓர் அழுகை. அது மூத்தவனுடையதா, சின்னவனுடையதா என்று ஃபோனில் எனக்குப் பிரித்துத் தெரிவதில்லை. கேட்க வாயெடுத்தேன்.

"நீங்க சொல்லுங்க அப்பா" என்றாள் பிரேமா. "அங்க குளிரு தொடங்கியாச்சா?"

தொடங்கியாச்சு என்றேன். இந்த வருடம் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டது என்று சொன்னேன்.